வண்டிக்குப் பசிக்கும்போது நாமும் சாப்பிடுகிறோம்

சேலத்திலிருந்து சென்னைக்குக் காரில் போய் வந்தவரிடம் "வழியில எங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டால், முன்பெல்லாம் ஏதாவது ஒரு கடையைச் சொல்வார்கள். தலைவாசல் தாண்டி ஒரு டீ, உளுந்தூர்பேட்டையில் டிபன், இப்படி. மின்சாரக் கார் வைத்திருப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "அங்க ரெண்டு கன் இருக்கு, ஒண்ணு ஓடல, ஆனா பக்கத்துலயே ஓட்டல் இருக்கு" என்பார். கன் என்பது வண்டியில் மாட்டுகிற சார்ஜர் முனை. சார்ஜர் முதலில் வருகிறது, சாப்பாடு அதன் பின்னால் வருகிறது. அந்த ஓட்டலில் இட்லி எப்படி என்று நாம் கேட்டால்தான் சொல்வார்.

நான் சேலம் அழகாபுரத்திலிருந்து மூன்று வருடமாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். எரிபொருள் செலவு குறையும், சத்தம் குறையும் என்று தெரிந்துதான் வாங்கினேன். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நேரமும், கொறிக்கும் பண்டமும், வாங்கும் கடையும் சேர்ந்து மாறும் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் இப்படி மாறுகிறது என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் என்றாலே கூடவே ஒரு தின்பண்டக் கடை இருக்கும். எண்ணெய் போடப் போகிறவர் சிப்ஸும் குளிர்பானமும் எடுத்துக்கொண்டு வருவார். அதனால் மின்சாரக் கார் வந்து, ஆட்கள் வீட்டிலேயே சார்ஜ் போட ஆரம்பித்தால் அந்த வியாபாரம் என்ன ஆகும் என்பதுதான் அங்கே பேச்சு. நம் ஊர் பங்க் அப்படியில்லை. காற்று, தண்ணீர், ஒரு கழிப்பறை, பெரும்பாலான இடங்களில் அத்தோடு சரி. ஐந்து நிமிடத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பசித்தால் நிறுத்துவது வேறு இடம், வேறு நேரம். வண்டியின் பசியும் நம் பசியும் தனித்தனியாக இருந்தன. மின்சாரக் கார் இந்த இரண்டையும் ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டில் நடந்த எல்லா மாற்றத்துக்கும் வேர் இதுதான்.

ஒரு பயணக் கணக்கு போட்டால் இது இன்னும் தெளிவாகும். என் வண்டியில் இருப்பது 30 யூனிட் பிடிக்கிற பேட்டரி. நான்குவழிச் சாலையில் ஏ.சி. போட்டுக்கொண்டு 90, 100 வேகத்தில் போனால் யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர் கிடைக்கும். முழு சார்ஜில் கிளம்பினாலும் 150 கிலோமீட்டருக்குள் ஒரு சார்ஜரைப் பார்த்துவிட மனசு தேடும். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை ஏறத்தாழ 135 கிலோமீட்டர். ஆக, முதல் நிறுத்தம் அங்கே. 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற 18 யூனிட் வேண்டும். 30 கிலோவாட் சார்ஜரில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். எண்பதுக்கு மேல் போடுவது வீண். மூட்டை கட்டும்போது கடைசிப் படி அரிசியைத் தட்டித் தட்டித்தான் இறக்க முடியும் அல்லவா, பேட்டரியும் அப்படித்தான். நிறைய நிறைய வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். எனவே அங்கே எண்பதோடு எடுத்துக்கொண்டு, மேல்மருவத்தூர் பக்கம் இன்னொரு முறை நிறுத்த வேண்டும்.

காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் எல்லாம் அழகாகப் பொருந்தும். எட்டு மணிக்கு உளுந்தூர்பேட்டை, வண்டிக்கும் டிபன், நமக்கும் டிபன். ஒன்பது மணிக்குக் கிளம்பினால்தான் வம்பு. வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறியிருப்போம். பதினொன்றரைக்கு வண்டி நின்றுவிடும். ஓட்டலில் அது ஒரு ரெண்டுங்கெட்டான் வேளை. காலை டிபன் முடிந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருக்க மாட்டார்கள். கிடைப்பது மெதுவடை, பூரி, காபி. பசி இல்லை. ஆனால் முக்கால் மணி நேரம் ஒரு ஓட்டல் வாசலில் சும்மா உட்கார யாருக்கு வரும்? ஆளுக்கு இரண்டு வடை, சட்னி, சாம்பார், சர்க்கரை போட்ட காபி. முன்னால் ஒரு கார் சார்ஜில் நின்றால் இன்னொரு முக்கால் மணி நேரம், இன்னொரு சுற்று. பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பி, இரண்டு மணி வாக்கில் மேல்மருவத்தூரில் முழுச் சாப்பாடு. பெட்ரோல் காரில் போயிருந்தால் அந்த வடைக்கு இடமே இருந்திருக்காது.

இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் இருபது வயது நிரம்பியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேருக்கு, நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. காருக்குள் நான்கு பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்காவது சர்க்கரை மாத்திரை இருக்கிற வீடுகள் நமக்குத் தெரிந்தே எத்தனை! அவர்களுக்குப் பசியில்லாத வேளையில் ஒரு தட்டு எண்ணெய்ப் பலகாரம் என்பது கணக்கில் வரவேண்டிய விஷயம். இதே முக்கால் மணி நேரம் அவர்களுக்கு மருந்தாகவும் ஆகும். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை எகிறுவது குறைகிறது என்பது பல ஆய்வுகளில் தெளிவான சங்கதி. பெட்ரோல் கார்ப் பயணத்தில் சாப்பிட்டவுடன் ஏறி உட்கார்ந்துவிடுவோம். இங்கே வண்டியே நம்மைக் காத்திருக்கச் சொல்கிறது. இப்போதெல்லாம் கன்னை மாட்டியதும் நான் செய்கிற முதல் வேலை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டல் வளாகத்தை இரண்டு சுற்று வருவது. மேசைக்குப் போவது அதற்குப் பிறகுதான், அதுவும் பசித்தால்தான்.

காசும் இதில் ஒரு வேலை செய்கிறது. சென்னை வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் என்றால் 22, 23 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டாயிரத்தைத் தாண்டும். மின்சாரக் காருக்குச் சுமார் 54 யூனிட். அத்தனையையும் வெளியில், யூனிட் 20 ரூபாய்க்குப் போட்டால்கூட ஆயிரத்துச் சொச்சம்தான். மிச்சமான ஆயிரம் வீட்டுக் கணக்கில் போய்ச் சேருகிறதா என்றால், இல்லை. "பெட்ரோல் காசு மிச்சம்தானே, புள்ளைங்க கேக்குது, ஐஸ்கிரீம் வாங்கிக் குடு" என்று அந்த இடத்திலேயே கரைந்துவிடும். பணம் எல்லாம் ஒன்றுதான் என்றாலும், மனசு அதைத் தனித்தனி டப்பாவில் போட்டுத்தான் செலவழிக்கிறது என்று அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதினார். 2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அஞ்சறைப் பெட்டியில் காசு போட்டு வைத்த நம் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. பயணக் காசில் மிஞ்சியது பயணத்திலேயே தீர வேண்டும் என்று மனசு நினைக்கிறது. அது தீர்வது பெரும்பாலும் வாய் வழியாகத்தான்.

ஊருக்குள் ஓட்டும்போது நடப்பது வேறு. இரவில் வீட்டு வாசலில் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டால் காலையில் வண்டி தயார். கன்னைத் தேடும் அலைச்சலே இல்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் "ஒரு எட்டு போய் தட்டுவடை செட் சாப்பிட்டு வரலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். முன்பு அதற்கு "அஞ்சு ரோட்டு டிராபிக்ல பெட்ரோல எரிச்சுக்கிட்டு யாரு போறது" என்று பதில் இருந்தது. இப்போது அந்தப் பதில் இல்லை. போக வர நான்கு கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மின்சாரம்கூட ஆகாது. வாரத்துக்கு ஒன்றாக இருந்த தட்டுவடை செட் மூன்றானது. நடந்துபோகிற தூரத்துக்கும் சாவியை எடுக்கிறோம் என்பதுதான் இதில் எனக்கு உறுத்தல்.

சேலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகத் தட்டுவடை செட் பற்றி ஒரு வார்த்தை. உள்ளங்கை அளவுகூட இல்லாத மொறுமொறு தட்டை இரண்டு. ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, ஒன்றில் பூண்டு போட்ட காரச் சட்னி. நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். மூடிக் கையில் கொடுப்பார்கள். நின்றபடியே அப்படியே வாயில் போட வேண்டும். பார்சல் கட்டினால் சட்னி ஊறி, வீடு வருவதற்குள் நமத்துவிடும். ஓட்டிக்கொண்டே தின்னவும் முடியாது. அந்த வகையில் அது நல்ல பண்டம், வண்டியை விட்டு இறங்க வைக்கிறது.

ஓட்டிக்கொண்டே தின்னும் பழக்கம் மின்சாரக் காரில் கூடுவதற்கு வேறொரு காரணம் உண்டு. அதை எளிதாகக் கவனித்துவிட முடியாது. கியர் போடும் காரில் இடது கைக்கு எப்போதும் வேலை இருக்கும். கொண்டலாம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் எத்தனை முறை கியர் மாற்றியிருப்போம்! மின்சாரக் காரில் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. இடது கை சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற கை பக்கத்து இருக்கையில் இருக்கும் முறுக்குப் பொட்டலத்துக்குள் தானாகப் போகும். முதல் ஆறு மாதம் எனக்கு இது தெரியவே இல்லை. சேலத்தில் வாங்கிய கால் கிலோ காராபூந்தி தொப்பூர் கணவாய்க்கு முன்னால் தீர்ந்துபோன அன்றுதான் உறைத்தது. இது எடை கூடுவது பற்றிய கவலை மட்டுமில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி இரண்டு விநாடியில் 33 மீட்டர் போய்விடும். பொட்டலத்தைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்துகிற நேரம் அதுதான். லாரிகள் வரிசைகட்டி இறங்கும் தொப்பூரில் அந்த 33 மீட்டருக்கு விலை அதிகம். இப்போது தின்பண்டப் பை பின்னிருக்கையில்தான் இருக்கும். என் கைக்கு எட்டாது.

சத்தத்துக்கும் தின்பதற்கும் உள்ள உறவு அலாதியானது. 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ சாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிப்பவர்களுக்கு ஹெட்போன் மாட்டி, அவர்கள் கடிக்கும் சத்தத்தையே கூட்டியும் குறைத்தும் கேட்க வைத்தார்கள். சத்தம் கூடியபோது அதே சிப்ஸை அதிக மொறுமொறுப்பானது, புதுசு என்று சொன்னார்கள். 2008இல் இந்த ஆய்வுக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. ஊருக்குள் மெதுவாகப் போகிற மின்சாரக் காருக்குள் உட்கார்ந்து தட்டையைக் கடித்தால் அவர்கள் சொன்னது புரியும். எஞ்சின் உறுமல் இல்லாத அந்த அமைதியில் பக்கத்தில் இருப்பவர் கடிக்கும் நொறுக் சத்தம் நம் காதிலும் விழும், நமக்கும் கை நீளும். நெடுஞ்சாலையில் இந்தக் கதை இல்லை. அங்கே டயர் சத்தமும் காற்றின் இரைச்சலும் எல்லா வண்டியிலும் ஒன்றுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு மனசு நிறைந்த மாற்றம் ஒன்று உண்டு. கட்டுச்சோறு திரும்பி வந்திருக்கிறது. சின்ன வயதில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஜமுக்காளம் விரித்து, வாழை இலையில் புளிசாதம் சாப்பிட்ட ஞாபகம் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இருக்கும். சாலைகளை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது அந்த மரங்கள் போயின. மரம் போனதும் நிழல் போனது, நிழல் போனதும் கட்டுச்சோறு போனது. சேலத்து மே மாத வெயிலில், நாற்பது டிகிரியில், வெட்டவெளியில் யார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்? பெட்ரோல் காரில் ஏ.சி. ஓட வேண்டுமானால் எஞ்சினை உறும விட வேண்டும். எண்ணெயும் போகும், புகையும் வரும். மின்சாரக் கார் நின்ற இடத்தில் சத்தமில்லாமல் குளிர்ந்துகொண்டிருக்கும். மணிக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட், அவ்வளவே. சார்ஜரில் மாட்டியிருந்தால் அதுவும் அங்கிருந்தே வந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது நீண்ட பயணம் என்றால் அம்மா முதல் நாளே புளிக்காய்ச்சல் கிண்டிவிடுகிறார். கூட உருளைக்கிழங்கு வறுவலும், நம் ஊர் ஜவ்வரிசி வடகமும். பதினொன்றரை மணி நிறுத்தத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. பசித்தவர் தின்னட்டும், பசிக்காதவர் நடக்கட்டும்.

இனி, எனக்கு வருத்தம் தருகிற பகுதி. வாழப்பாடி, ஆத்தூர் சாலையில் கொய்யாவும் வெள்ளரிப் பிஞ்சும் கூடையில் வைத்து விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். இளநீர்க்காரர், வேகவைத்த கடலை விற்பவர், தள்ளுவண்டிக்காரர் எல்லாரும் பெட்ரோல் கார்க்காரரின் திடீர் ஆசையை நம்பிப் பிழைத்தவர்கள். நினைத்த இடத்தில் நிறுத்தினோம், வாங்கினோம். மின்சாரக் கார்க்காரர் மனசில் அடுத்த சார்ஜர் வரை ஒரு நேர்க்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படியும் முக்கால் மணி நேரம் நிற்கத்தானே போகிறோம், இடையில் எதற்கு நிறுத்துவது என்று தோன்றிவிடுகிறது. ஒரு நாள் வாழப்பாடி தாண்டி நிறுத்தி கொய்யா வாங்கியபோது அந்த அம்மாவிடம், சார்ஜர் இருக்கிற இடத்துப் பக்கமாகப் போய் விற்கலாமே என்று கேட்டேன். "அது ஓட்டல்காரங்க காம்பவுண்டு கண்ணு, கூடைய உள்ள வைக்க விடுவாங்களா?" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. சார்ஜர் வைக்க அரசு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. மின்சார வண்டிக்குச் சார்ஜ் போட்டுக் காசு வாங்குவது மின்சாரம் விற்பதாகாது, அதற்குத் தனி உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018இலேயே தெளிவுபடுத்திவிட்டது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று 2019 வழிகாட்டுதல் சொன்னது. சட்டப்படி டீக்கடைக்காரரும் வைக்கலாம். ஆனால் அவரிடம் இருக்கிற 15 ஆம்பியர் பிளக்கில் ஒரு மணி நேரம் போட்டால் மூன்று யூனிட் சொச்சம் ஏறும், இருபது கிலோமீட்டர் ஓடும். அதற்காக எந்த வழிப்போக்கரும் நிற்கமாட்டார். 60 கிலோவாட் வேகச் சார்ஜர் வைப்பதென்றால் இருபது வீட்டுக்கான மின்சாரம் அந்த ஒரே கம்பத்துக்கு வேண்டும். தனி இணைப்பு, நிற்க இடம், லட்சக்கணக்கில் முதல். அது பெரிய வளாகம் வைத்திருக்கும் ஓட்டலால்தான் ஆகும். எனவே மின்சாரக் கார்க்காரர் தின்பது பெரிய ஓட்டல் தின்பண்டமாக மாறுவதற்கு நாக்கின் ருசி காரணமில்லை. கம்பி எங்கே போகிறதோ அங்கே இலை விழுகிறது. சார்ஜர் வளாகங்களில் ஐந்து கூடைக்கும் இரண்டு தள்ளுவண்டிக்கும் நிழலோடு இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த முக்கால் மணி நேரத்தில் வடைக்குப் பதில் கொய்யா தின்ன ஒரு வழி கிடைக்கும், விற்பவருக்கும் பிழைப்பு நிலைக்கும்.

இது மின்சாரத்தின் குணம் அல்ல, சார்ஜர் இருக்கும் இடத்தின் குணம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஏற்காடுதான். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். நான்கு பேரோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஐந்தரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். சாலை உராய்வும் மற்ற சேதாரமும் சேர்த்தால் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்பது, பத்து யூனிட். என் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மேலே போகவே சரி. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை அடக்கி, அந்த ஆற்றலில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பித் தந்துவிடுகிறது. கீழே வருவதற்குக் கிட்டத்தட்ட செலவே இல்லை. வீட்டில் சார்ஜ் போட்டுக் கிளம்பினால் மேலே எங்கும் கன்னைத் தேட வேண்டியதில்லை. அதனால் அங்கே நாம் பசித்த இடத்தில் நிற்கலாம். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட் பக்கம் தணலில் சுட்ட சோளம், மலையில் விளைந்த காபி. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த செடியின் வழி வந்தது அந்தக் காபி. இருநூறு வருடமாக இந்த மலையின் வாசனையே அதுதான். அங்கே நின்று குடிக்க எந்த சதவீதத்தையும் பார்க்க வேண்டாம்.

மலைக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மேலே தங்கினால் இரவெல்லாம் போட்டு நூறு சதவீதம் நிரப்பிவிடாதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் மேற்கொண்டு ஏற்ற இடமிருக்காது. இறங்கும்போது மோட்டார் வேகத்தை அடக்காது, இருபது கொண்டை ஊசி வளைவிலும் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். 85, 90 போதும். இன்னொன்று வயிறு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மின்சாரக் கார் பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறையும். ஓட்டுகிறவருக்கு அது முன்கூட்டியே தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறு சொல்ல, தலை சுற்றிக் குமட்டும். அதனால் பஜ்ஜியைத் தின்ற கையோடு இறங்க வேண்டாம். அரை மணி நேரம் ஏரியைச் சுற்றிவிட்டு, வாயில் ஒரு துண்டு இஞ்சியோ நார்த்தங்காய் ஊறுகாயோ போட்டுக்கொண்டு ஏறுங்கள். ஏற்காடு பஸ்ஸில் எலுமிச்சையை முகர்ந்துகொண்டே போனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன ஞாயிறு இறங்கும்போது மேலே 58 சதவீதம். பிள்ளைகள் ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டே திரையைப் பார்த்து வந்தார்கள். மேலே பலூன் மாதிரி உப்பியிருந்த சிப்ஸ் பாக்கெட், கீழே இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடிப் பழையபடி தளர்ந்தது. அடிவாரம் வந்தபோது திரையில் 60. வண்டி எதையும் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தினேன். கூடைக்காரம்மா கொய்யாவை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார். இறங்கி நின்றுதான் தின்றோம்.